மூன்று கேள்விகள் போதாது

பல் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள வருகிறவரிடம் நம் ஊர்க் கிளினிக்குகளில் பெரும்பாலும் கேட்கப்படுபவை மூன்று கேள்விகள். சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா? மூன்றுக்கும் பதில் வந்ததும் பேச்சு எந்த நாட்டுக் கம்பெனியின் திருகு, எத்தனை வருடம் வாரன்டி, பணத்தை எத்தனை தவணையில் கட்டலாம் என்று நகர்ந்துவிடுகிறது. ‘கேஸுக்குத் தினமும் ஒரு மாத்திரை போடறேன் டாக்டர்’ என்று நோயாளியே வாய் திறந்து சொன்னாலும், ‘அது ஒண்ணும் பண்ணாது’ என்ற பதிலோடு அந்த விஷயம் முடிந்துபோகிறது.

மூன்று கேள்விகளும் தேவையானவை. ஆனால் அவை எந்தக் காலத்தைப் பற்றியவை என்று பாருங்கள். ரத்தம் நிற்குமா, நாற்காலியில் இருக்கும்போது மயக்கம் வருமா, புண்ணில் சீழ் பிடிக்குமா: எல்லாமே அறுவை நாளையும் அதை ஒட்டிய சில நாட்களையும் பற்றிய கவலைகள். இம்ப்ளான்ட் நிலைக்குமா என்பது அந்த நாட்களுக்குள் முடிவாகிவிடுவதில்லை. தாடை எலும்பு டைட்டானியத்தைச் சுற்றி வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ள மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அந்த மாதங்கள் முழுக்க எலும்பின் செல்களை நாள்தோறும் போய்த் தொடுகிற மருந்துகளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. விரிவாக விசாரித்து எழுதிவைக்கும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விதிவிலக்காக இருப்பதுதான் என் வருத்தம்.

இந்த மௌனத்துக்குப் பின்னால் ஒரு கருத்து இருக்கிறது. கிளினிக்கிலும் நோயாளிகளின் வீட்டிலும் அது ஒன்றாகவே இருக்கிறது. ‘இம்ப்ளான்ட் ஒரு பொறியியல் வேலை. திருகு தரமாக இருந்து, வைக்கிற கை தேர்ந்ததாக இருந்து, தாடையில் போதிய எலும்பும் இருந்தால் நின்றுவிடும். வயிற்றுக்கும் மனசுக்கும் சாப்பிடுகிற மாத்திரைக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?’ இதற்கு ஓர் இரட்டைப் பிறவியும் உண்டு: ‘சந்தேகமா இருந்தா எல்லா மாத்திரையையும் ஒரு வாரம் நிறுத்திட்டு வாங்க.’ முதலாவது மருந்தைப் பொருட்படுத்துவதே இல்லை. இரண்டாவது எல்லா மருந்துக்கும் பயப்படுகிறது. எந்த மருந்து எலும்பில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் இரண்டும் ஒன்றே. இரண்டையுமே மறுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் பொறியியல் வாதம். சுவரில் திருகு ஏற்றுவதுபோல எலும்பில் திருகு ஏற்றுவதாக இந்தப் பார்வை நினைக்கிறது. சுவர் திருகைப் பிடித்த நாளில் பிடித்தபடியே இருக்கும். எலும்பு அப்படி இருப்பதில்லை. இம்ப்ளான்ட் வைத்த அன்று கிடைக்கும் பிடிமானம் இறுக்கத்தால் வருவது. அடுத்த வாரங்களில், துளையிட்டபோது அடிபட்ட எலும்பை அரிக்கும் செல்கள் கரைத்து அகற்றுகின்றன. அதனால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் பிடிமானம் முதல் நாளில் இருந்ததைவிடக் குறைகிறது. அந்த இடைவெளியில் கட்டும் செல்கள் வந்து புதிய எலும்பை உலோகத்தின் மேற்பரப்பிலேயே படியவைத்தால்தான் திருகு நிற்கிறது. அரிப்பும் கட்டுவதும் சேர்ந்து நடந்தாக வேண்டும். இரண்டில் எதையாவது மந்தமாக்கும் மருந்து ரத்தத்தில் இருந்தால், அது இந்த வேலைக்கு வெளியே நிற்க முடியாது.

இந்தச் சிகிச்சை பிறந்த கதையே பொறியியல் வாதத்துக்கு எதிரான சாட்சி. ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1952இல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் ஆன சிறு பார்வைக் கருவி ஒன்றைப் பொருத்தியவர் பெர்-இங்வார் பிரானமார்க். அவர் பல் மருத்துவர் அல்ல. எலும்பு மஜ்ஜைக்குள் ரத்தம் ஓடுவதை உயிருள்ள திசுவில் பார்க்க விரும்பிய ஆய்வாளர். ஆய்வு முடிந்து கருவியைக் கழற்றப் பார்த்தபோது, எலும்பு அதனோடு ஒன்றிப்போயிருந்தது. அதிலிருந்துதான் 1965இல் மனிதத் தாடையில் வைத்த முதல் இம்ப்ளான்ட் வந்தது. அவருடைய முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் கடிக்கும் பளு தராமல் காத்திருந்தார்கள். உலோகம் அன்றும் உறுதியானதுதான். காத்திருந்தது எலும்புக்காக. தொடங்கிவைத்தவர் உயிரியலாகப் பார்த்ததை வந்தவர்கள் வெறும் திருகு வேலையாகச் சுருக்கிவிட்டார்கள்.

இனி ‘ஒண்ணும் பண்ணாது’ என்று ஒதுக்கப்படும் கேஸ் மாத்திரைக்கு வருவோம். பான்டோபிரசோல், ஓமிபிரசோல், ரபிபிரசோல் என்ற பெயர்களில் தமிழ்நாட்டு வீடுகளில் வருடக்கணக்கில் விழுங்கப்படும் மாத்திரைகள் இவை. வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்ப்பை அடைப்பது இவற்றின் வேலை. அமிலம் குறைந்தால் உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும், குறிப்பாகக் கால்சியம் கார்பனேட்டிலிருந்து, கால்சியம் உடலில் சேர்வது குறையலாம். எலும்பை அரிக்கும் செல்லும் அமிலத்தைச் சுரந்துதான் பழைய எலும்பைக் கரைக்கிறது என்பதால் அங்கேயும் இந்த மருந்துகளின் கை நீள்கிறதா என்று ஆய்வாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010 மே மாதமே, இவற்றை அதிக அளவிலோ ஓராண்டுக்கு மேலோ சாப்பிடுகிறவர்களுக்கு இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறிவு கூடுதலாக இருக்கலாம் என்று மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. இடுப்பெலும்பைத் தொடும் மருந்து தாடை எலும்பை மட்டும் விட்டுவிடும் என்று நம்ப என்ன காரணம்?

தாடையைப் பற்றிய சான்றும் வந்துவிட்டது. கனடாவின் மான்க்டன் நகரில் 2007 முதல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களின் பதிவேடுகளை மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 799 பேர், 1,773 இம்ப்ளான்ட்கள். இந்த வகை மாத்திரை சாப்பிடாதவர்களில் 3.2 சதவீதமும், சாப்பிட்டவர்களில் 6.8 சதவீதமும் தோற்றிருந்தன. ஸ்வீடனின் மால்மோவில் 999 பேருக்கு வைத்த 3,559 இம்ப்ளான்ட்களைத் தனியாக ஆராய்ந்த வேறொரு குழுவும் அதே திசையைத்தான் கண்டது: சாப்பிடாதவர்களில் 4.5 சதவீதம், சாப்பிட்டவர்களில் 12 சதவீதம். இரண்டும் 2017இல் வெளிவந்தன. வேறு நாடு, வேறு கைகள், வேறு காலம். விடை மட்டும் ஒரே பக்கம் சாய்கிறது.

அடுத்து மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரப்படும் ஃப்ளூக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் போன்ற மாத்திரைகள். இவற்றைச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் சொல்லவே தயங்குகிறார்கள். பல் மருத்துவர் கேட்பதும் இல்லை. இந்த மருந்துகள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் வாயிலை அடைக்கின்றன. அந்த வாயில் மூளையில் மட்டும் இல்லை. எலும்பைக் கட்டும் செல்லிலும் அரிக்கும் செல்லிலும் இருக்கிறது. அதே மான்க்டன் பதிவேடுகளிலிருந்து 490 பேரின் 916 இம்ப்ளான்ட்களை எடுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் தோல்வி, இம்மாத்திரை சாப்பிடாதவர்களில் 4.6 சதவீதம், சாப்பிட்டவர்களில் 10.6 சதவீதம்.

இங்கே எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் எழுகிறது. அதை முழு பலத்தோடு முன்வைத்துவிட்டே பதில் சொல்ல வேண்டும். ‘இவையெல்லாம் பழைய பதிவேடுகளைப் புரட்டிச் சொன்னவை. மாத்திரை சாப்பிடுகிறவர் நோயாளி. மனச்சோர்வு உள்ளவர் கூடுதலாகப் புகைபிடிக்கலாம், பல் துலக்குவதை அலட்சியப்படுத்தலாம், தூக்கத்தில் பற்களை நறநறவென்று கடிக்கலாம். வயிற்று எரிச்சல் உள்ளவருக்கும் வேறு கோளாறுகள் இருக்கலாம். தோற்றதற்கு மாத்திரை காரணமா, ஆள் காரணமா?’ நியாயமான கேள்வி. மால்மோவில் 300 பேரைக் கொண்டு இதே மனச்சோர்வு மாத்திரைகளை ஆராய்ந்தபோது தோல்வி 3.3 சதவீதத்துக்கு எதிராக 12.5 சதவீதம் என்று வந்தது. ஆனால் மற்ற காரணங்களையும் சேர்த்துக் கணக்கிட்டதும் அந்த வித்தியாசத்தைப் புள்ளியியலால் உறுதி செய்ய முடியவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்கள் அதில் 18 பேர் மட்டுமே. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையல்ல.

ஆனால் நோயே முழுக் காரணம் என்றால் மூன்று விஷயங்களுக்கு விளக்கம் தர வேண்டியிருக்கும். முதலாவது, ஆய்வுக்கூட எலிகள். எலி புகைபிடிப்பதில்லை, அதற்குக் கவலையால் பல் துலக்க மறப்பதும் இல்லை. ஆரோக்கியமான எலிகளுக்கு ஓமிபிரசோல் கொடுத்து டைட்டானியம் வைத்துப் பார்த்தபோது, எலும்பு ஆறுவதும் உலோகத்தோடு ஒட்டுவதும் குறைந்தன. ஃப்ளூக்ஸெட்டின் கொடுத்த எலிகளில் எலும்பு முறிவு ஆறுவது பின்தங்கியது. எலி மனிதன் அல்ல என்பது உண்மை. ஆனால் வாழ்க்கைப் பழக்கம் என்ற சாக்கு எலியிடம் செல்லாது. விலங்கில் கண்டதும் மனிதப் பதிவேட்டில் கண்டதும் ஒரே பக்கம் சாயும்போது அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

இரண்டாவது, பிரஷர் மாத்திரை. நோயாளி என்பதே தோல்விக்குக் காரணமென்றால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் இம்ப்ளான்ட் அதிகம் விழ வேண்டும். அதே மான்க்டன் பதிவேட்டிலிருந்து 728 பேரின் 1,499 இம்ப்ளான்ட்களை எடுத்துப் பார்த்தபோது, பிரஷர் மாத்திரை சாப்பிட்டவர்களில் தோற்றவை 0.6 சதவீதம்; சாப்பிடாதவர்களில் 4.1 சதவீதம். தலைகீழ். இதற்கும் உயிரியல் அடிப்படை உண்டு. எலும்பைக் கட்டும் செல்களின் மேல் நரம்பு மண்டலத்தின் பீட்டா ஏற்பிகள் இருக்கின்றன; அவற்றின் வழியே வரும் தூண்டல் எலும்புக் கட்டுமானத்தை மட்டுப்படுத்துகிறது; புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் அதைத் தணிக்கின்றன. தையசைட் வகை நீர்ப்போக்கி சிறுநீரில் கால்சியம் வீணாவதைக் குறைக்கிறது. இதை வைத்து இம்ப்ளான்ட் நிற்க பிரஷர் மாத்திரை சாப்பிடுங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது. மருந்தின் குணத்துக்கேற்ப விளைவு மாறுகிறது என்பதற்கு இது சான்று. ‘மாத்திரைக்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை’ என்பதை உடைக்க அது போதும்.

மூன்றாவது, பல்லை நறநறவென்று கடிப்பது. அந்தப் பழக்கம்தான் இம்ப்ளான்ட்டை ஆட்டிவிட்டது என்கிறார்கள். ஃப்ளூக்ஸெட்டின், செர்ட்ராலின் வகை மருந்துகளே சிலருக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவருகின்றன என்பது பதிவான பக்க விளைவு. அப்படியானால் எதிர்த்தரப்பு காட்டுகிற மாற்றுக் காரணமும் மாத்திரையின் வழியாகவே வரலாம். எலும்பின் செல் வழியாக வந்தாலும், தாடைத் தசை வழியாக வந்தாலும், முன்கூட்டியே கேட்டிருந்தால் இரவில் அணியும் பல் கவசம் ஒன்றைச் செய்து கொடுத்திருக்கலாம். கேட்காமல் விட்டதற்கு இந்த வாதத்தில் எங்கே நியாயம் இருக்கிறது?

‘சரி, ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிற்கிறதே’ என்பது அடுத்த அரண். நிற்கிறது, உண்மைதான். பத்து ஆண்டுக் கணக்கிலும் இம்ப்ளான்ட்டின் வெற்றி விகிதம் தொண்ணூறுக்கு மேல்தான். ஆனால் அது சராசரி. முப்பது வயதில் விபத்தில் பல் இழந்த ஆரோக்கியமானவரும், அறுபத்தைந்து வயதில் கேஸ் மாத்திரை, மூட்டுவலி மாத்திரை, தூக்க மாத்திரை என்று அட்டை அட்டையாக வைத்திருப்பவரும் அந்தச் சராசரிக்குள் ஒன்றாகக் கிடக்கிறார்கள். நோயாளிக்குச் சராசரி தேவையில்லை. தனக்கு எவ்வளவு என்பது தேவை. 3.2 சதவீதம் 6.8 ஆவது என்றால், நூறு இம்ப்ளான்ட்டில் கூடுதலாக மூன்று நான்கு விழுகின்றன. விழுகிற ஒவ்வொன்றும் ஒருவருடைய சேமிப்பு, இன்னொரு அறுவை, அரித்துப்போன எலும்பு. ஒரு கேள்வியைக் கேட்பதற்கு ஆகும் செலவோ ஒன்றுமில்லை.

‘சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை வரட்டும், அப்புறம் பார்ப்போம்’ என்பவர்களுக்கும் பதில் உண்டு. ஒரு மருந்தைத் தடைசெய்ய வேண்டுமானால் வலுவான சான்று வேண்டும். ஒரு மருந்தைப் பற்றி விசாரித்து, நோயாளியிடம் சொல்லி, காத்திருக்கும் காலத்தைக் கொஞ்சம் நீட்ட அவ்வளவு சான்று தேவையில்லை. வயிற்றுப்புண் உள்ளவரையும் மனச்சோர்வு உள்ளவரையும் இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு மருந்து தராமல் விட்டு, இம்ப்ளான்ட் விழுகிறதா என்று பார்க்கும் சோதனையை மனசாட்சியுள்ள எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. வராத சோதனைக்காகக் காத்திருப்பது எச்சரிக்கை ஆகாது. அது கேட்காமல் இருப்பதற்கான சாக்கு.

கேட்கிற மூன்று கேள்விகளிலும் பாதிதான் கேட்கப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘சுகர் இருக்கா?’ என்று கேட்டு ரத்தச் சர்க்கரை அளவைக் குறித்துக்கொள்கிறோம். எந்த மாத்திரை என்று கேட்பதில்லை. பியோகிளிட்டசோன் எலும்பு மஜ்ஜையில் உள்ள மூல செல்களை எலும்பு கட்டும் பாதையிலிருந்து கொழுப்பு செல்லாகும் பாதைக்குத் திருப்புகிறது. சாப்பிடுகிற பெண்களுக்கு எலும்பு முறிவு கூடுதல் என்பது தெரிந்த உண்மை. இந்தியாவில் 2013இல் சில வாரங்கள் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டில் எச்சரிக்கையோடு திரும்ப அனுமதிக்கப்பட்ட மருந்து அது. ‘ரத்தம் உறையாம இருக்க மாத்திரையா?’ என்று கேட்கிறோம். வார்ஃபாரின் எந்த வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து ரத்தத்தை உறையவிடாமல் வைக்கிறதோ, அதே வைட்டமின் எலும்புப் புரதமான ஆஸ்டியோகால்சின் முழுமை பெறவும் வேண்டும் என்பதை நினைப்பதில்லை. நோயின் பெயரைக் கேட்டு மருந்தின் பெயரை விட்டுவிடுவது அரைகுறை விசாரணை.

ஸ்டீராய்டு இன்னும் ஆபத்தான மௌனம். பிரெட்னிசலோன் போன்றவை எலும்பைக் கட்டும் செல்களையே மடியவைக்கின்றன. தொடர்ந்து சாப்பிடத் தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே எலும்பு முறிவு ஆபத்து ஏறுகிறது. இம்ப்ளான்ட் ஒட்டுவதற்கான காலமும் அதே சில மாதங்கள்தான். நம் ஊரில் இதைச் சீட்டோடு சாப்பிடுகிறவர்கள் மட்டும் இல்லை. மூச்சிரைப்புக்கும் தோல் அரிப்புக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கு நாட்டு மருந்து என்று விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ‘இங்கிலீஷ் மருந்து எதுவும் சாப்பிடறதில்லை’ என்று அவர் சொல்வது அவரளவில் உண்மை. கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

எதிர்த்தரப்பு சொல்வது சரியாக இருக்கும் இடத்தையும் ஒப்புக்கொள்கிறேன். எலும்பு ஆறுவதன் முதல் படி அழற்சி. அதற்கு வேண்டிய புரோஸ்டாகிளான்டின்களை வலி மாத்திரைகள் தடுக்கின்றன. விலங்குகளில் எலும்பு ஆறுவது அதனால் தாமதமாகியிருக்கிறது. அதை வைத்து, இம்ப்ளான்ட் வைத்த பிறகு வலி மாத்திரையே கூடாது என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. ஒரு வாரம் ஐபூபுரோஃபென் கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 2009இல் வெளியிட்ட சோதனையில் இம்ப்ளான்ட்டைச் சுற்றிய எலும்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே அறுவைக்குப் பிந்தைய சில நாள் வலி மாத்திரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. முழங்கால் வலிக்கு மாதக்கணக்கில் தினமும் டைக்ளோஃபெனாக் விழுங்குகிறவர் வேறு. எந்த மருந்து, என்ன அளவு, எவ்வளவு காலம் என்ற விசாரணை இல்லாமல் இந்த இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

எல்லாவற்றையும்விடக் குழப்பம் மலிந்த இடம் எலும்புத் தேய்மானத்துக்குத் தரப்படும் மருந்துகள். அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவை அரிக்கும் செல்களை அடக்கி எலும்பைக் காப்பவை. அரிப்பு அடங்கினால் புதுப்பித்தலும் அடங்கும். தாடை எலும்பு புதுப்பித்தலை அதிகம் நம்பியிருப்பது. பல் பிடுங்கிய இடமோ துளையிட்ட இடமோ மூடாமல், எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்துகொண்டு மடிந்துகிடக்கும் நிலையை 2003இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் முதலில் எடுத்துச் சொன்னார். அதிலிருந்து இரண்டு தவறுகள் பரவியிருக்கின்றன.

ஒன்று, கேட்காத தவறு. சோலெட்ரோனிக் அமிலம் எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஏற்றப்படும் ஊசி. டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒன்று. அலென்ட்ரோனேட் வாரம் ஒரு மாத்திரை. ‘தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?’ என்று கேட்டால் இவற்றைப் பெறுகிற மூவருமே ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். போன வருடம் போட்ட ஊசி ஒரு மருந்தாகவே அவர்கள் நினைவில் இருக்காது. அது எலும்பில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும்.

மற்றது, பயந்து துரத்தும் தவறு. ‘எலும்பு ஊசி போட்டிருக்கீங்களா? உங்களுக்கு இம்ப்ளான்ட்டே கூடாது’ என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவது. புற்றுநோய் எலும்பில் பரவியதற்காக மாதாமாதம் அதிக அளவில் இந்த மருந்து பெறுகிறவருக்கு அந்த எச்சரிக்கை சரி. அவர்களில் நூற்றுக்குச் சிலருக்குத் தாடை எலும்பு மடியும் ஆபத்து உண்டு. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் அந்த ஆபத்தை அமெரிக்க வாய், தாடை அறுவை மருத்துவர் சங்கம் 2022 அறிக்கையில் 0.05 சதவீதத்துக்கும் கீழே வைக்கிறது. இரண்டாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. இந்த இருவரையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒருவருக்கு ஆபத்தையும் மற்றவருக்கு வீண் மறுப்பையும் தருவது மருத்துவம் ஆகாது.

இப்போது ‘நிறுத்திட்டு வாங்க’ என்ற இரட்டைப் பிறவி. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தன் மாத்திரையைத் தானே நிறுத்தினால், நான் மறுக்கும் தவற்றையே அவர் செய்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளோபிடோக்ரலை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டு உயிரே போகலாம். ஈறில் வரும் ரத்தக் கசிவைப் பஞ்சும் தையலும் நிறுத்திவிடும். நீண்ட காலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் அட்ரீனல் சுரப்பி கைவிட்டு, ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென விட்டால் நோய் திரும்பலாம். டெனோசுமாப் தவணையைத் தள்ளிப்போட்டால் அடக்கிவைத்த அரிப்பு பெருகி, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஒரு பல்லுக்காக இவற்றில் எதையும் பணயம் வைக்கக் கூடாது. மருந்தை எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பல் மருத்துவருக்கு இல்லை.

நிறுத்தவும் முடியாது என்றால் கேட்டு என்ன பயன் என்கிறார்கள். நிறையப் பயன். வருடக்கணக்கில் சாப்பிடும் கேஸ் மாத்திரை இன்னும் தேவையா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்கலாம். என்றோ பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்தது யாரும் நிறுத்தச் சொல்லாததால் தொடர்கிறதென்றால் அவரே குறைத்துவிடுவார். ஆஸ்பிரினோடு சேர்த்து வயிற்றைக் காக்கத் தந்ததென்றால் அது தொடரத்தான் வேண்டும். அப்போது பளு ஏற்றும் நாளைத் தள்ளிவைக்கலாம். எலும்பு ஊசி தொடங்கப் போகிறவருக்கு அதற்கு முன்பே பல் வேலையை முடித்துக்கொள்ளச் சொல்லலாம். தொடங்கிவிட்டவருக்கு, தவணை தவறாமல், இரண்டு ஊசிகளுக்கு நடுவே நாள் குறிக்கலாம். ஆபத்து கூடுதல் என்று தெரிந்தவருக்குப் பிரிட்ஜோ கழற்றி மாட்டும் பல்செட்டோ போதும் என்று நேராகச் சொல்லலாம். மருந்தை மாற்ற முடியாதபோதும் திட்டத்தை மாற்ற முடியும்.

நோயாளிக்கு மருந்தின் பெயர் தெரியாது என்ற சாக்கும் வேண்டாம். பெயர் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பழைய மருந்துச் சீட்டுகளையும், பொடி டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னால் போதும். கேட்க வேண்டியவை இவை: தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்? வாரத்துக்கு, மாதத்துக்கு ஒரு முறை என்ன? கடந்த சில ஆண்டுகளில் எலும்புக்கோ புற்றுநோய்க்கோ ஊசி ஏறியதா? சீட்டில்லாமல் கடையில் வாங்குவது என்ன? நாட்டு மருந்து, பொடி ஏதாவது? மனசுக்கோ தூக்கத்துக்கோ மருந்து உண்டா? கடைசிக் கேள்வியைக் கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி கேட்காமல் அறைக்குள் தனியாகக் கேட்க வேண்டும்; அப்போதுதான் உண்மையான பதில் வரும்.

இது நல்லெண்ணத்தால் செய்ய வேண்டிய கூடுதல் சேவை மட்டும் அல்ல. சமீரா கோஹ்லி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொன்னது: சிகிச்சைக்குச் சம்மதம் பெறுவதென்றால், அது என்ன சிகிச்சை, வேறு வழிகள் என்ன, என்னென்ன ஆபத்து என்பதைப் போதிய அளவு சொல்லிப் பெற வேண்டும். நோயாளி சாப்பிடும் மருந்தைக் கேட்காமல் அவருக்கான ஆபத்தைச் சொல்லவே முடியாது. கேட்காமல் வாங்கிய கையெழுத்து, காகிதத்தில் இருந்தாலும் சம்மதம் ஆகாது.

பல் மருத்துவர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை இதுதான்: உங்கள் சேர்க்கைப் படிவத்தில் அந்த மூன்று கேள்விகளுக்குக் கீழே மருந்துப் பட்டியலுக்கென்று ஒரு முழுப் பக்கத்தைச் சேருங்கள், அதைப் படித்த பிறகு நாள் குறியுங்கள். பொது மருத்துவர்களே, கேஸ் மாத்திரையையும் எலும்பு ஊசியையும் எழுதும்போது, ‘பல்லில் ஏதாவது வேலை இருக்கிறதா?’ என்று ஒரு வரி கேளுங்கள். இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்களே, உங்களிடம் கேட்கவில்லை என்றால் நீங்களே பையைத் திறந்து மேசையில் வையுங்கள். ‘அது ஒண்ணும் பண்ணாது’ என்று பதில் வந்தால், ‘எப்படித் தெரியும் டாக்டர்?’ என்று மரியாதையோடு கேளுங்கள். அதற்கு நிதானமாக விளக்கம் சொல்கிறவரிடம் தாடையைக் கொடுங்கள். எரிச்சல்படுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.